டர்னர் மாமாவும் ஜேம்ஸ் மர்ரேயும்

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் என் தாய்மாமா டர்னராக இருந்தார். ஃபிட்டர், டர்னர், வெல்டர் எல்லாம் எங்கள் ஊரில் தமிழ்ச் சொற்கள் மாதிரிதான். கொத்தனார், தச்சர் என்பதைப் போல, அவற்றுக்கும் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. மாமா ஒரு நாள் கேட்டார். நான் அப்போது எஞ்சினியரிங் முதல் வருடம். கல்லூரி வொர்க்‌ஷாப்பில் லேத்தைத் தொட்டுவிட்ட பெருமையில், விடுமுறைக்கு வந்த இடத்தில் அவருக்கே லேத்தைப் பற்றி விளக்கிக் கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். டர்ன் என்றால் திரும்புவதுதானே? லேத்தில் நிற்கிற ஆள் திரும்புவதில்லை. டூலும் திரும்புவதில்லை. சக்கில் மாட்டிய இரும்புதான் சுற்றுகிறது, அதையும் சுற்றுவது மோட்டார். அப்புறம் ஆளை எதற்கு டர்னர் என்கிறார்கள்?

அதெல்லாம் சும்மா ஒரு பேர் மாமா என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. எனக்குப் பதில் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

மேற்படிப்புக்காக நான் இங்கிலாந்து வந்த இரண்டாவது வருடம் மாமா போய்விட்டார். அதற்கடுத்த வருடம், ஒரு மழை நாளில், பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதற்கோ ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் கனத்த தொகுதி ஒன்றைப் பிரித்தபோது அந்தப் பதில் கிடைத்தது. அதை எழுதியவரும் பதினான்கு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். பெயர் ஜேம்ஸ் மர்ரே.

மர்ரே 1837-இல் ஸ்காட்லாந்தின் தென்கோடியில், ஹாயிக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டென்ஹாம் என்னும் கிராமத்தில் பிறந்தார். அப்பா தையல்காரர். மேலே படிக்க வைக்க வசதியில்லை. பையனுக்கோ கண்ணில் படுவதையெல்லாம் கற்றுக்கொள்ளும் வெறி. செடிகொடி, பாறை, பழைய கல்வெட்டு, எந்த மொழியிலாவது அச்சான ஒரு துண்டுக் காகிதம், எதையும் விடவில்லை. ஊர்ப் பசுமாடுகளுக்கு லத்தீன் பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பழக்கப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. ஊரில் ஏகப்பட்ட ஜேம்ஸ் மர்ரேக்கள் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று அகஸ்டஸ் ஹென்றி என்ற இரண்டு பெயர்களைத் தானாகவே நடுவில் சேர்த்துக்கொண்டார். பதினேழு வயதில் உதவி ஆசிரியர். இருபது வயதில் ஹாயிக்கில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர்.

அப்படியே இருந்திருந்தால் ஊர்க்காரர்கள் மதிக்கும் ஒரு வாத்தியாராக வாழ்ந்து முடித்திருப்பார். 1862-இல் கல்யாணம் ஆயிற்று. பிறந்த பெண் குழந்தை தங்கவில்லை. மனைவி மேகிக்குக் காசநோய். ஸ்காட்லாந்தின் குளிர் ஆகாது, தெற்கே போங்கள் என்று மருத்துவர்கள் சொல்ல, வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார். கிடைத்தது வங்கி குமாஸ்தா வேலை. இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா மூன்றையும் பெயரில் சுமந்த சார்ட்டர்ட் வங்கி அது. இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் முன்னோர். அதன் சென்னை அலுவலகத்தில் மென்பொருள் எழுதிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இந்த மூத்த சகாவைத் தெரியுமா என்று கேட்க வேண்டும். மேகி 1865-இல் இறந்து போனார். மர்ரே வங்கியிலேயே இருந்தார். வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் இந்துஸ்தானியும் பழைய பாரசீகமும் படித்தாராம். நான் ரயிலில் தூங்குகிறேன்.

1866-இல் பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டார். அதில் தனக்குத் தெரிந்த மொழிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், கட்டலான் என்று தொடங்கி, ஜெர்மன், டச்சு, டேனிஷ், பழைய ஆங்கிலம், கோதிக், கொஞ்சம் ரஷ்யன், எபிரேயம், சிரியாக், சமஸ்கிருதம் என்று போகிறது. ஒவ்வொன்றும் எந்த அளவுக்குத் தெரியும் என்று நேர்மையாகப் பிரித்தும் எழுதியிருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. நம்மில் பலர் பயோடேட்டாவில் எழுதும் மொழிகளை நினைத்துக்கொண்டேன். அவை கணினி மொழிகள், பாதி பொய்.

அடுத்த வருடம் ஏடா ரத்வென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைத் தோழன் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல். பெல்லுக்கு மின்சாரத்தின் பாலபாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர் மர்ரே என்பதால், டெலிபோனுக்கு இவர்தான் தாத்தா என்று பெல் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஏடாவும் மர்ரேயும் பதினொரு குழந்தைகள் பெற்றார்கள். 1870-இல் மில் ஹில் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1873-இல் தென் ஸ்காட்லாந்தின் வட்டார வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்குப் பிறகுதான் படித்தவர்கள் வட்டாரத்தில் இவர் பெயர் தெரிய ஆரம்பித்தது.

இந்தச் சமயத்தில் லண்டனின் மொழியியல் சங்கத்தாரிடம் பாதியில் நின்றுபோன ஒரு பெரிய வேலை கிடந்தது. 1857-இல் ஆரம்பித்த யோசனை. ஆங்கிலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும், அது முதலில் எப்போது எழுத்தில் வந்தது, எந்தப் பொருளில் வந்தது, அந்தப் பொருள் எப்படிக் கிளை பிரிந்தது என்று, ஆண்டு வாரியாக ஆதாரம் காட்டி ஓர் அகராதி. முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் முப்பது வயதில் இறந்தார். அடுத்து வந்த ஃபர்னிவால் உற்சாகமான மனிதர், ஆனால் ஒரு வேலையில் நிலைத்து நிற்கத் தெரியாதவர். 1879-இல் பொறுப்பு மர்ரேயிடம் வந்தது. ஆக்ஸ்போர்டு அச்சகத்தோடு ஒப்பந்தம். பத்து வருடம், நான்கு தொகுதி என்று மதிப்பீடு. மர்ரே தன் வீட்டு முன்புறத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு, அதற்கு ஸ்கிரிப்டோரியம் என்று துறவிமடப் பாணியில் பெயர் வைத்தார். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் கொட்டகை.

ஃபர்னிவால் அனுப்பி வைத்த சீட்டுகள் வந்து இறங்கின. கிட்டத்தட்ட இரண்டு டன் காகிதம். ஒரு சீட்டில் ஒரு சொல், அது வரும் ஒரு வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு, பக்கம். தொண்டர்கள் புத்தகங்களைப் படித்து எழுதி அனுப்பியவை. ஒரு மூட்டையில் செத்த எலி இருந்தது. இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலி குடும்பமே இருந்தது. ஓர் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியில் கிடந்தன. வேறு சில அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடந்தன, அவற்றில் ஒரு பகுதி அடுப்பெரிக்கப் போயிருந்தது. போதாததற்கு மர்ரே இன்னும் தொண்டர்கள் தேவை என்று உலகுக்கே வேண்டுகோள் விட்டார். லட்சக்கணக்கில் மீண்டும் சீட்டுகள். அவர் குழந்தைகள் எழுத்துக்கூட்டத் தெரிந்தவுடன் சீட்டு அடுக்க உட்கார வைக்கப்பட்டார்கள். வயதுக்குத் தக்கபடி மணிக்கு இத்தனை பென்னி கூலி. மூத்த பையன் ஹெரால்டு பின்னாளில் சதுரங்க விளையாட்டின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றார். ஓர் இலட்சம் சீட்டை வரிசைப்படுத்தியவருக்கு அது பெரிய வேலையாகத் தெரிந்திருக்காது.

1884-இல் முதல் பகுதி வெளிவந்தது. 352 பக்கம். கடைசிச் சொல் ஆன்ட், அதாவது எறும்பு. ஒப்பந்தக் காலத்தில் பாதி கழிந்திருந்தது, எழுத்து இன்னும் ஏ தாண்டவில்லை. மென்பொருள் துறையில் மதிப்பீடு தவறுவது பற்றிப் பாடமே நடத்துவோம். இந்த அகராதி 1928-இல்தான் முடிந்தது. பத்து வருடம் என்று சொன்னது நாற்பத்தொன்பது ஆயிற்று. ஆக்ஸ்போர்டு அச்சகக் குழுவினர் சும்மா இருப்பார்களா? சொல்லைக் குறை, உதாரணத்தைக் குறை, வேகத்தைக் கூட்டு என்று பல வருடம் நெருக்கினார்கள். மர்ரே ராஜினாமா வரை போனார், தரத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. 1885-இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஆக்ஸ்போர்டு போனார். பான்பரி சாலை 78-ஆம் எண் வீடு. அங்கே புதிய கொட்டகை. தன் ஜன்னலுக்கு முன்னால் தகரம் தெரியக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பேராசிரியர் ஆட்சேபித்ததால், அதைத் தரையைத் தோண்டிப் பாதி புதைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. உள்ளே ஈரமும் குளிரும். மர்ரே எடின்பரோ கொடுத்த கௌரவ டாக்டர் பட்டத்தின் தொப்பியைத் தினமும் தலையில் வைத்துக்கொண்டுதான் அங்கே வேலை பார்த்தார். ஆக்ஸ்போர்டு அப்படி ஒன்றை அவருக்குக் கொடுக்க 1914 வரை எடுத்துக்கொண்டது. எந்தக் கல்லூரியும் கடைசிவரை அவரை உறுப்பினராக்கவில்லை. வெளியூரில் குடியேறியவர்களுக்கு இது புரியும்.

உதவியவர்களில் கொலை செய்துவிட்டு மனநோய் விடுதியில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் மைனரைப் பற்றிப் பலருக்குத் தெரியும், சினிமாவே வந்துவிட்டது. எனக்குப் பிடித்தவர் ஃபிட்ஸெட்வர்ட் ஹால். அமெரிக்கர், காசியில் சமஸ்கிருதம் கற்பித்தவர், பிறகு இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தவர். தினமும் மணிக்கணக்கில் மர்ரேக்காக உழைத்தார், ஒரு காசு வாங்காமல். இன்னொருவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டில் கத்தி விற்கும் கம்பெனியில் இருபது வருடம் குமாஸ்தா. முதல் பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையைப் பார்த்து மர்ரே அவரைக் கண்டுபிடித்தார். 1888-இல் அவர் இரண்டாவது பதிப்பாசிரியர் ஆனார். ஆங்கிலத்தின் மகா அகராதி இரண்டு முன்னாள் குமாஸ்தாக்களால் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நம் சொற்களும் இந்தக் கொட்டகை வழியாகத்தான் போயின. மர்ரே கவனித்துக்கொண்டது ஏ முதல் டி வரை, எச் முதல் கே வரை, பிறகு ஓ, பி என்ற எழுத்துகள், கடைசியாக மாமாவின் டர்னர் தொடங்குகிற டி. ஆகவே கட்டுமரம், சுருட்டு, கறி, பந்தல் நான்கும் அவர் கைக்கு வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட பெயர்ச்சொற்கள் அகராதிக்காரருக்குப் பெரிய தொல்லை இல்லை. எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எந்தப் பயணி முதலில் எழுதினார் என்று கண்டுபிடித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கழுத்தை அறுப்பவை நாலு எழுத்து வினைச்சொற்கள். சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் வருட அகராதியிலேயே டேக் என்ற வினைக்கு 134 பொருள் கொடுத்துவிட்டார். மர்ரே குழுவின் முதல் பதிப்பில் மிக நீண்ட பதிவு பிராட்லி செய்த செட். இப்போது திருத்திக்கொண்டிருக்கும் பதிப்பில் ரன் அதை முந்தி, அறுநூறு பொருளைத் தாண்டிவிட்டது. இந்த மாதிரிச் சொல்லுக்குச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் குவியும். மேசை போதாது, தரையில் பரப்ப வேண்டும். இது அதிலிருந்து வந்ததா, அதற்கு இது தாயா என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கிளை பிரிக்க வேண்டும். தேதி ஒரு பக்கம் இழுக்கும், தர்க்கம் இன்னொரு பக்கம் இழுக்கும்.

டர்ன் அப்படிப்பட்ட ஒன்று. பழைய ஆங்கிலத்தில் டிர்னன், டுர்னியன் என்று இரண்டு வடிவம். இரண்டும் லத்தீனின் டோர்னாரே என்ற வினையிலிருந்து வந்த கடன். 1066-இல் நார்மானியர் வந்த பிறகு அதே லத்தீன் வினையின் பிரெஞ்சு வாரிசும் வந்து சேர்ந்து, இருந்த சொல்லுக்கு வலுவூட்டியது. டோர்னாரே என்றால் என்ன? பொதுவாகத் திரும்புவது அல்ல. கடைசல் பிடிப்பது. டோர்னுஸ் என்றால் கடைசல் இயந்திரம், லேத். அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் டோர்னோஸ், தச்சர்கள் வட்டம் போடும் கருவிக்கும் கடைசல் கருவிக்கும் பெயர்.

அதாவது, டர்ன் என்ற வினையை வைத்து டர்னருக்குப் பெயர் வைத்தார்கள் என்று நானும் மாமாவும் நினைத்தது தலைகீழ். பட்டறையில் சுழலும் கட்டையைப் பார்த்துத்தான் அந்த வினையே பிறந்திருக்கிறது. ஆங்கிலேயன் தெருமுனையில் திரும்பினாலும், புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாலும், நாற்பது வயதைத் தொட்டாலும், கட்சி மாறினாலும், இலை நிறம் மாறினாலும், விளக்கை அணைத்தாலும், வந்த வரனை வேண்டாம் என்றாலும், சொல்லுவது ஒரு கடைசற்காரரின் சொல். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் விசாவுக்காகக் காசு கொடுக்கும் அட்டர்னியும் அந்தக் குடும்பம்தான். நம் பொருட்டு ஒரு காரியத்துக்குத் திருப்பிவிடப்பட்ட ஆள் என்று பொருள். சுற்றுலாவின் டூர், வரைபடத்தின் கான்டூர், டென்னிஸ் டோர்னமென்ட், ஊருக்குப் போட்ட ரிட்டர்ன் டிக்கெட் எல்லாமே அந்த லேத்திலிருந்து தெறித்த சுருள்கள்.

நம் பக்கத்திலும் கொஞ்சம் தேடினேன். கடை என்ற வினையை மோருக்கும் கீரைக்கும் பாற்கடலுக்கும் பயன்படுத்துகிறோம், கட்டில் காலுக்கும் மரச்செப்புக்கும் அதுவேதான். மோட்டார் வருவதற்கு முந்தைய கடைசலில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத்தான் கட்டையைச் சுழற்றுவார்கள், மத்தைப் போலவே. ஒரே சொல் இரண்டுக்கும் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தமிழில் கடைதல் பட்டறையிலும் சமையலறையிலும் தங்கிவிட்டது, தெருமுனைக்கு வரவில்லை. அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது: திரி, திருகு, திரும்பு, திரிகை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றை ஒரே பதிவில் வைக்கிறது. 1961-இல் அதை வெளியிட்டதும் அதே ஆக்ஸ்போர்டு அச்சகம்தான். என் பெண் ஒரு நாள் காலையில் பால் டர்ன் ஆகிவிட்டது என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னாள். பால் திரிந்துவிட்டது என்று நான் தமிழில் திருத்தினேன். சொன்ன பிறகுதான் இரண்டும் ஒன்று என்று உறைத்தது. யாரும் யாரிடமும் கடன் வாங்காமல், கெட்டுப்போன பாலைப் பார்த்து இரண்டு மொழிக்காரர்களும் அது சுழன்றுவிட்டது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மர்ரேக்கு 1908-இல் சர் பட்டம் கிடைத்தது. தன் எண்பதாவது பிறந்த நாளுக்குள், 1917-இல், அகராதியை முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. உலகப் போர் வந்தது, உதவியாளர்கள் குறைந்தார்கள், உடம்பும் கெட்டது. 1915 ஜூலையில் கொட்டகைக்குள் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. சுவர் முழுக்கச் சீட்டுகள், உதவியாளர்கள், அங்கேயே வேலை பார்த்த இரண்டு மகள்கள், நடுவில் தொப்பியும் வெண்தாடியுமாகக் கிழவர். அந்த மாதம் 26-ஆம் தேதி இறந்தார். வயது 78. அவர் முடித்துக் கொடுத்த கடைசிப் பகுதி ட்ரிங்க் என்ற சொல்லில் தொடங்கி டர்ன்டவுன் என்ற சொல்லில் முடிகிறது. டர்ன், டர்னர் எல்லாம் அதற்குள் அடக்கம். மீதியை மற்றவர்கள் முடித்தார்கள். இசட் 1921-லேயே தயாராகிவிட்டது, டபிள்யூதான் 1928 வரை இழுத்தது. மொத்தப் பக்கங்களில் கிட்டத்தட்டப் பாதி மர்ரே செய்தவை.

சென்ற வருடம் ஆக்ஸ்போர்டு போனபோது பான்பரி சாலைக்கு நடந்தேன். வீடு இருக்கிறது, சுவரில் நீல வட்டப் பலகை. கொட்டகை இல்லை. வாசலில், அவருக்கு வந்து போகும் கடிதங்களின் பெருக்கத்தைப் பார்த்துத் தபால் துறை நட்டுவைத்த சிவப்புப் பெட்டி இன்னும் நிற்கிறது. மர்ரே, ஆக்ஸ்போர்டு என்று மட்டும் எழுதினாலே கடிதம் வந்து சேருமாம். பையில் ஊர்க்கடையில் வாங்கிய ஒரு பட அட்டை இருந்தது. பெட்டியின் தலையிலேயே வைத்து, டர்னர் என்றால் என்ன என்று மாமா கேட்டாரே, அதற்கு விவரம், என்று ஆரம்பித்து இடமில்லாமல் ஓரமெல்லாம் நுணுக்கி எழுதி, கோயம்புத்தூர் அத்தைக்குப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அத்தை போனில் பேசினார். அட்டை வந்துவிட்டதாம். என் கையெழுத்து ஒன்றும் புரியவில்லையாம், ஊருக்கு வரும்போது படித்துக் காட்டச் சொன்னார்.